வழக்குத் தள்ளுபடியானால் என்ன செய்யலாம்?

"கேஸ் டிஸ்மிஸ் ஆயிருச்சாம். இனி ஒண்ணும் செய்ய ஏலாதாம்." தோட்டங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கைவிட்டுப் போய்விடும்.

காணித் தகராறு, கொடுத்த கடன், வாகன விபத்து நட்டஈடு போன்றவை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் சிவில் வழக்குகள். வழக்குப் போட்டவர் வழக்காளி, மற்றவர் எதிராளி. விளக்கத்துக்குக் குறித்த நாளில் வழக்காளி வராவிட்டால், நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்வார். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 87ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இரண்டு பக்கமும் வராவிட்டாலும் அதே கதிதான்.

அதோடு, அதே விஷயத்துக்காக மறுபடி புது வழக்குப் போடவும் முடியாது. இது தெரியாமல் வேறொரு சட்டத்தரணியிடம் போய், நடந்ததைச் சொல்லாமல், "புதுசா ஒரு கேஸ் போடுங்க ஐயா" என்று காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசு வீண். அந்தத் தள்ளுபடிக் கட்டளைக்கு எதிராக நேரே மேன்முறையீடு செய்யவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

திறந்திருக்கும் கதவு அதே நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. தள்ளுபடியை நீக்கும்படி அங்கேயே மனுக் கொடுக்கலாம். மனுவோடு சத்தியக் கடதாசி ஒன்றும் வேண்டும். எதிராளிக்கு அறிவித்தல் போகும். பிறகு விசாரணை நடக்கும். வராததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிபதி திருப்திப்பட்டால் தள்ளுபடியை நீக்கி, வழக்கு நின்ற இடத்திலிருந்தே தொடர நாள் குறிப்பார். அதுவரை கொடுத்த சாட்சியம் வீணாகாது. எதிராளிக்குச் செலவுக்காசு கட்டும்படி உத்தரவிடவும் கூடும்.

எத்தனை நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்? சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை, "நியாயமான காலத்துக்குள்" என்றுதான் சொல்கிறது. நாள் குறிக்கவில்லையே, ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். தாமதிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் பிறகு கணக்குச் சொல்ல வேண்டி வரும். கேள்விப்பட்ட அன்றே சட்டத்தரணியிடம் போவது நல்லது. அவர் முதலில் வழக்கேட்டில் எழுதியிருக்கும் குறிப்பைத்தான் பார்ப்பார். அன்றைய தவணை விளக்கத்துக்காகக் குறித்ததா, வேறு காரியத்துக்கா என்பது முக்கியம். உங்கள் பக்கம் சட்டத்தரணி யாராவது அன்று எழுந்து நின்றாரா என்பதும் முக்கியம்.

அந்த விசாரணையில் நியாயம் யார் பக்கம் என்று நீதிபதி பார்க்க மாட்டார். அன்று ஏன் வரவில்லை என்பது மட்டும்தான் கேள்வி. நம் ஆட்கள் அங்கே போய் லொறிக்காரன் செய்த அநியாயத்தையெல்லாம் கொட்டுகிறார்கள், வராத காரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு.

உதாரணத்துக்கு, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஹட்டன் கோட்டுக்கு வர வேண்டியவர் ஒருவர். அன்று காலை மண் சரிந்து பஸ் ஓடவில்லை. வெறுமனே "ரோடு மூடிக் கெடந்துச்சு" என்றால் போதாது. கிராம உத்தியோகத்தரின் கடிதம், அன்றைய பத்திரிகைச் செய்தி, கூட வந்து திரும்பிப்போனவரின் சத்தியக் கடதாசி என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் வைத்திய சான்றிதழும் கிளினிக் துண்டும் வேண்டும். தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி உங்களைக் கூண்டில் வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பார். பொய்யாக எழுதிய சத்தியக் கடதாசி அங்கேதான் கிழியும்.

கடிதப் பிரச்சினை நம் லயங்களுக்கே உரியது. பல தோட்டங்களில் இன்னும் வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, தவணை முடிந்தபின் கைக்கு வருகிறது. அப்படி வந்தால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். தபால் முத்திரையில் உள்ள தேதிதான் உங்கள் சாட்சி. கடிதத்தை எடுத்து வந்தவரிடம், எந்த நாளில் கொடுத்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தவணையைச் சிங்களத்தில் சொன்னதால் விளங்கவில்லை என்பதும் உண்மையான காரணம்தான். ஆனால் எல்லா நீதிபதியும் அதை ஏற்பார் என்று சொல்ல முடியாது. நீதிமன்ற மொழி தெரியாத வழக்காளிக்குத் தமிழில் மொழிபெயர்த்துத் தர அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை கொடுத்திருக்கிறது. கூச்சப்படாமல் மொழிபெயர்ப்பாளரிடம் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு நாள் பேர் போயிரும்", "தலைவர் சமாதானம் பேசிக்கிட்டு இருக்காரு" என்பவற்றை மட்டும் நம்பிப் போக வேண்டாம். எங்கே பேச்சு நடந்தாலும் நீதிமன்றத்தில் வழக்கு வழக்குத்தான்.

மனுவை நீதிபதி மறுத்தால், காரணங்களை எழுதித்தான் மறுக்க வேண்டும். அந்த மறுப்புக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு உண்டு. அதற்குரிய நாட்கள் குறைவு, ஆகவே கட்டளை சொன்ன அன்றே சட்டத்தரணியிடம் பேசிவிடுங்கள்.

நீங்கள் எதிராளியாக இருந்தால் கணக்கே வேறு. நீங்கள் வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், தீர்ப்பாணை உங்கள் கையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கடன் வழக்குகளில் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். தொழில் நியாய சபைக்கும் தாபரிப்பு வழக்குக்கும் வேறு சட்டங்கள் உண்டு, இங்கே சொன்னதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனம் அது. பல நீதிமன்ற வளாகங்களில் அதன் அலுவலகம் இருக்கிறது. போகும்போது அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வழக்கிலக்கம் எழுதிய ஏதாவது ஒரு கடதாசி, மேலே சொன்ன உறை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.