இருகண்நோக்கியும் பேராக் பறவைகளும்

பைனாக்குலர் என வழங்கும் கருவியை இருகண்நோக்கி என்று தமிழிற் கூறலாம். தொலைநோக்கி என்பது பொதுச்சொல். அது விண்மீன் காணும் ஒற்றைக் குழாயையும் குறிக்கும். இரு குழாய்களை இணைத்து, இரு கண்ணுக்கும் ஒரே காட்சியைத் தருவதே இதன் தனித்தன்மையாகலின் இப்பெயர் பொருந்தும்.

பறவை காணத் தொடங்குவோர் முதலில் மலிவான ஒன்றையே வாங்குவர். சில திங்கள் சென்றபின் இதனினும் நல்லது வேண்டும் என்னும் எண்ணம் எழும். அப்போது பெரும்பாலோர் கடைக்காரரிடம் கேட்பது, ‘எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?’ என்பதே. கேள்வி தவறன்று. ஆயின், அஃது ஒன்றையே கேட்டு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பறவை தெரியவில்லையென்று கருவியையும் பழக்கத்தையும் ஒருசேரக் கைவிடுவோர் உளர்.

கருவியின்மேல் 8×42 என்றோ 10×25 என்றோ பொறித்திருப்பர். முன்னெண் பெருக்கத்தையும், பின்னெண் முகப்பு வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். பின்னெண்ணை முன்னெண்ணால் வகுத்தால், கண்ணருகே வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். முன்னதற்கு அது 5.25 மில்லிமீட்டர், பின்னதற்கு 2.5. நண்பகலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டரே திறந்திருத்தலின் இரண்டு கருவிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒளிகாட்டும். மங்கிய ஒளியிலோ கண்மணி 5 மில்லிமீட்டருக்கும் விரியும். இளையோர்க்கு 7 வரையிலும் விரிவதுண்டு. அப்போது சிறிய கற்றை கண்ணின் வாயிலை நிரப்பாது, காட்சி இருண்டுவிடும். பட்டப்பகலில் கடைவாசலில் நின்று சோதித்து வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே.

பேராக்கிற் பறவை காணத் தக்க பொழுது விடியற்காலை. நம் முன்னோர் பால்மரம் வெட்டப் புறப்பட்ட பொழுதும் ஏறத்தாழ அதுவே. வெயில் ஏறியபின் பறவைகள் பல இலைகளுக்குள் ஒடுங்கும். பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய பால்மர நிரைகளிடையே காலை எட்டு மணிக்கும் நிழல் கனத்திருக்கும். இங்கே 42 மில்லிமீட்டர் முகப்பு ஆடம்பரமன்று.

இனி நிறத்தைக் கருதுவோம். இப்பகுதியிற் காணும் பஞ்சுருட்டான்களில் இருவகையை எடுத்துக்கொள்வோம். இரண்டிற்கும் உச்சந்தலை செந்நிறமே. ஒன்றன் தொண்டை மஞ்சள், மற்றொன்றன் தொண்டை நீலம். மின்கம்பியில், வானம் பின்னே வெளுத்திருக்க, அமர்ந்திருக்கும் பறவையின் தொண்டை நிறத்தைத் தெளியவேண்டுமாயின் பெருக்கம் மட்டும் உதவாது. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு அளவைத் திருப்பியனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தபின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; அதிற் சிறிது உள்ளேயே சிதறிக் காட்சியை வெளிறச் செய்யும். இதற்கு மாற்றாக மெல்லிய பூச்சு முறையை 1935இல் செருமனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்பார் கண்டார். இன்று பூச்சில்லாத கருவி அரிது. எனவே பூச்சு உண்டா என்று கேட்பதிற் பயனில்லை. எல்லாப் பரப்புகளிலும் பல்லடுக்காக உண்டா என்று கேட்க. முகப்பு வில்லை மாணிக்கம்போற் சிவந்து மின்னும் மலிவுக் கருவிகள் கண்ணுக்கு அழகியன. ஆயின் செவ்வொளியைத் திருப்பிவிடுதலின் பறவையின் நிறத்தைத் திரிப்பன. அவற்றை நான் எவர்க்கும் பரிந்துரையேன்.

பெருக்கம் மிகுந்தால் கைநடுக்கமும் அம்மடங்கே பெருகித் தோன்றும். காட்சிப் பரப்பும் குறுகும். 8 மடங்குக் கருவியொன்று 1000 மீட்டர் தொலைவில் 130 மீட்டர் அகலம் காட்டுமாயின், 20 மீட்டரிலுள்ள கிளையில் 2.6 மீட்டரே தெரியும். தேன்சிட்டு அதற்குள் தாவிவிடும். ஆகவே தோட்டத்திற்கும் காட்டிற்கும் 8 மடங்கே போதும். பத்துகாஜாவை அடுத்த கிந்தா இயற்கைப் பூங்காவின் நிலை வேறு. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் அங்கே ஏரிகளாய் விரிந்துள்ளன. நாரையும் வக்காவும் தொலைவில் அசையாது நிற்கும். அங்கு 10×42 நன்கு பயன்படும். இரண்டும் வாங்க இயலாதார் 8ஐயே கொள்க.

மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணருகு வில்லையிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் விலகியிருந்தும் முழுக்காட்சியும் தெரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஆசிரியர்களில் பலர்க்கு இது முதன்மையானது.

நம் நாட்டில் இவை யாவற்றினும் கொடிய பகை ஈரம். மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கைச் சொல்லவேண்டியதில்லை. ஈப்போவிலும் தோலுறைக்குள் மூடிவைத்த கருவியில் பூஞ்சணம் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். துடைத்தாலும் வடு நீங்காது. இரண்டாங்கையாக வாங்குவோர் முகப்பு வழியே ஒளிபாய்ச்சி உள்ளே சிலந்தி நூல்போன்ற இழைகள் உளவோ என நோக்குக. உள்ளே நைட்ரஜன் நிரப்பி நீர்புகாது அடைத்த கருவிக்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பது தகும். அஃதில்லாதார் காற்றுப்புகா நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைக்க. ஈரமேறிய மணிகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.