மெரினாவுக்கு மணல் வந்தது எப்படி, புதுச்சேரி மணல் போனது எங்கே?

புதுச்சேரி கடற்கரைச் சாலை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கருங்கல் குவியல்தான். ஒரு காலத்தில் அங்கே அகலமான மணற்பரப்பு இருந்தது. அது எங்கே போச்சு? 'கடல் எடுத்துக்கிச்சு' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது தெற்கே திரும்பும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். இதற்குக் குறுக்கே கடலுக்குள் சுவர் கட்டினால், தெற்கே மணல் சேரும். வடக்கே கரை தேயும்.

சென்னைக்கு இது பழைய கதை. 1870-களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்று நாம் சுண்டல் சாப்பிடும் மெரினா இவ்வளவு அகலமானது. அதே சுவருக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. ஆனால் மெரினாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதை யாரும் பேசுவதில்லை.

இது தெரிந்தும் புதுச்சேரியில் 1980-களின் இரண்டாம் பாதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நகரம் இருப்பது அதற்கு வடக்கே! தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்டினால் சேதம் குறையும். அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

மணல் போன இடத்தில் பாறாங்கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது. ஆனால் அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அடுத்தடுத்த மீனவக் குப்பங்கள் அடிவாங்கின. இவை இருப்பது தமிழ்நாட்டில். துறைமுகம் கட்டியது ஓர் அரசு, கரையை இழந்தது வேறு மாநிலத்து ஊர்.

கரை போனால் அழகு மட்டுமா போகும்? படகை ஏற்ற, வலை உலர்த்த, மீனைக் காயவைக்க மணல்தான் இடம். பெரியவலை இழுக்க ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். பாறை மேல் நின்று இழுக்க முடியுமா? எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் இந்த இழப்பு வருவதில்லை.

2018-ஐ ஒட்டி புதுச்சேரி தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பியது. சனங்கள் மறுபடி கால் நனைத்தார்கள். வடக்கே உள்ள குப்பங்கள் கேட்பது தூண்டில் வளைவு. ஓர் ஊருக்குப் போட்டால் அதற்கு வடக்கே உள்ள ஊரில் கரை போகும், அப்புறம் அவர்களும் கேட்பார்கள். கேட்காமல் வேறென்ன செய்வார்கள்?