பழங்காசும் களிம்பும்

மதுரையில் வைகை மணலிலும் கரூரில் அமராவதி மணலிலும் பழங்காசுகள் அகப்படுவதை நம் நண்பர்கள் அறிவர். அங்ஙனம் அகப்படும் செப்புக்காசு பெரும்பாலும் பச்சையோ கருமையோ படர்ந்து, உருவும் எழுத்தும் மறைந்து, வெறுஞ் சில்லாகவே தோன்றும். அதனைக் கையிற் கொண்டவர், வீட்டிற் குத்துவிளக்கு விளக்கும் வழக்கத்தை நினைந்து, புளியும் சாம்பலும் தேடுவது இயல்பே. விளக்குக்கு அது தகும். காசுக்குத் தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

செம்பு பல நூற்றாண்டு மண்ணினுட் கிடக்கும்போது, ஈரமும் பிராணவாயுவும் முதலில் அதன் மேற்புறத்தைத் தாக்கிச் செந்நிற ஆக்ஸைடாக மாற்றுகின்றன. அதன்மேல் கரியமிலவாயுவின் சேர்க்கையாற் பச்சைநிறக் கார்பனேட் படர்கின்றது. இவற்றையே நாம் களிம்பு என்கிறோம். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கன்று. காசின் செம்பே உருமாறி நிற்கும் நிலை. ஆதலின், அச்சில் அடிபட்ட அன்று காசு பெற்ற மேற்பரப்பு, எழுத்தின் கோடுகளோடு, பல சமயங்களில் அக்களிம்பினுள்ளேயே தங்கியிருக்கின்றது. அடியிலுள்ள உலோகமோ அரிப்புண்டு மேடுபள்ளமாய்க் கிடக்கும். புளியின் அமிலம் ஆக்ஸைடையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். காசு பளபளக்கும்; எழுத்து கழுநீரோடு போய்விடும்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விழப்பு எளிதன்று. வழுதி, கோதை என்னும் பெயர்களை நாம் பெரும்பாலும் சங்கப் பாடல்களிலேயே கண்டு வந்தோம். 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், சதுரமான பாண்டியச் செப்புக்காசு ஒன்றில், குதிரையுருவோடு ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமியிற் பொறித்திருப்பதைப் படித்து வெளியிட்டார். கரூர்ப் பகுதியிற் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகள் ‘மாக்கோதை’ என்னும் பெயரைத் தாங்கியுள்ளன. எல்லாம் சிற்சில எழுத்துக்களே. அவையும் பூதக்கண்ணாடி வேண்டும் அளவின. பாடல்கள் ஏட்டுக்கு ஏடு பெயர்த்தெழுதப்பட்டு நம்மை அடைந்தன. காசோ அக்காலத்துக் கம்மியன் கையிலிருந்து நேரே வந்தது. அதன் எழுத்தை ஐந்து நிமிடத் தேய்ப்பு அழித்துவிடக் கூடும்.

சித்தாந்த நூலார் ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். களிம்பு செம்போடு உடன் தோன்றியது, இரசகுளிகையால் நீங்கும் என்பது அவர் கருத்து. உவமையின் முற்பாதியை மட்டும் காசு சேர்ப்போர் ஏற்றுக்கொள்வது நன்று.

ஆயினும் எல்லாக் களிம்பும் ஒருதன்மையதன்று. இறுகி, வழவழப்பாய், கரும்பச்சையோ கபிலநிறமோ கொண்டிருப்பது அடங்கிய களிம்பு. அது காசுக்குக் கவசம். வெளிர்பச்சையாய், மாவுபோல் உதிர்ந்து, ஊசிமுனையால் தொட்ட இடத்திற் குழி காட்டுவது நோய். வெண்கல நோய் என்றே அதனை வழங்குவர். உப்புமண்ணிற் கிடந்த காசினுட் குளோரைடு புகுந்து செம்போடு கூடியிருக்கும். ஈரக்காற்றுப் பட்டதும் அஃது அமிலத்தைப் பிறப்பிக்கும். அமிலம் புதுச்செம்பை அரிக்கும். அரிப்புண்ட செம்பு மீண்டும் குளோரைடாகும். இச்சுழலைத் தடுக்காவிடிற் காசு முழுதும் பொடியாகும். இந்நிலையில் வாளாவிருத்தலே பிழை. முதற்கண் அக்காசைப் பிறவற்றினின்று பிரித்து உலர்ந்த கலத்தில் வைத்தல் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்குமாயின் நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்; நம் கடற்கரை ஊர்களில் அதற்கு இடமேது? குளோரைடை நீக்கக் காரக் கரைசலில் வாரக்கணக்காக ஊறவைக்கும் முறையும், 1967-இல் மாட்சன் என்பார் எடுத்துரைத்த பென்ஸோட்ரையஸோல் முறையும் உள. பின்னது உடலுக்குத் தீங்கு தரவல்லதாகலின், விடுதி அறையிற் செய்து பார்க்கத் தக்கதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே இதற்கென ஓர் இரசாயனக் கூடம் தொடங்கப்பெற்று, எஸ். பரமசிவன் அவர்கள் அங்குச் செப்புத்திருமேனிகளை மின்பகுப்பு முறையாற் செப்பஞ்செய்து வந்தார்கள். நோயுற்ற காசுக்கும், எழுத்து மறைந்த அரிய காசுக்கும் உரியவர் அத்தகைய வல்லுநரே.

பிற உலோகங்களைச் சுருங்கக் கூறுவோம். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்க்கைகளால். அக்கறுப்பு மெல்லியது, தீங்கற்றது. மருந்துநீரில் முக்கினால் வெண்மை வரும். அதனோடு மேற்புறத்து வெள்ளியும் சிறிது கழியும். பலகால் முக்கினால் முகம் மங்கும். ஈயத்தின் நிலை வேறு. தரங்கம்பாடியில் டேனியர் 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஈயக்காசுகள் போல்வனவற்றை எலுமிச்சையும் காடியும் தின்றுவிடும். மரப்பெட்டியிலிருந்து எழும் அமில ஆவியே அவற்றை வெண்பொடியாக்கப் போதும். பொன்னோ மண்ணிலும் கெடுவதில்லை; அதற்கு மனிதனாலேயே கேடு. புதுக்கோட்டையில் 1898-இற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமீது உளிவெட்டு உண்டு. அவை மீண்டும் நாணயமாகச் செல்லாதிருக்கவே அங்ஙனம் வெட்டினர் என ஆராய்ச்சியாளர் கருதுவர். ‘குறை’யென்று யாரேனும் அவ்வெட்டை நிரவியிருந்தால் அவ்வாராய்ச்சிக்கே இடமிராது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. மண் வேறு, களிம்பு வேறு. மண்ணை நீக்கலாம். முதலிற் காசை நிறுத்து, இருபுறமும் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிக்கொள்க. காய்ச்சி வடித்த நீரிற் சில நாள் ஊறவிட்டு, நீரை நாடோறும் மாற்றுக. இளகிய மண்ணைக் கூரிய மூங்கிற்குச்சியாலோ முள்ளாலோ, பூதக்கண்ணாடியின் கீழ், சிறிது சிறிதாகப் பெயர்க்கலாம், இரும்பூசி ஆகாது. ஒரு பொருக்கை எடுக்கையில் எழுத்தும் உடன் பெயர்வதாகத் தோன்றின் அவ்விடத்தே நிறுத்துக. பல் விளக்கும் பசையும் சாம்பலும் அருகே வரலாகாது. ஈயமும் நோயுற்ற செம்பும் இந்நீராட்டுக்கு உரியனவல்ல.

உலர்த்தியபின் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரலின் வியர்வையிலும் உப்புண்டு. கடைகளில் விற்கும் பி.வி.சி. உறைகள் நாளடைவிற் காசின்மேற் பச்சைநிறப் பிசுக்கை உண்டாக்குவதால் அவற்றை விலக்கிக் காகித உறை கொள்க. அதுவும் அமிலமற்றதாக இருத்தல் வேண்டும். மழைக்காலத்துக்குப் பெட்டியினுள் ஒரு சிலிக்கா ஜெல் பையை இட்டுவைத்து, அதன் நிறம் மாறியபோது சூடேற்றி உலர்த்தி மீண்டும் வைக்கலாம்.