பரிசு நின்ற பிறகும் நடப்பார்களா?

2014 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு கொஞ்சம் விசித்திரமான ஒரு காரியம் செய்தது. ஆக்டிவ்எஸ்ஜி என்ற புதிய திட்டத்தில் பெயர் பதிந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தலைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரவு வைத்தது. கையில் எடுத்துச் செலவழிக்க முடியாத பணம். பொது நீச்சல் குளம், பூப்பந்து அரங்கு, உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களில்தான் அது செல்லும். மறு ஆண்டு சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு படி மேலே போனது. காலடி எண்ணும் கருவியை இலவசமாகக் கொடுத்து, நாளைக்கு 5,000, 7,500, 10,000 அடி என்று நடந்த கணக்குக்கு ஏற்பப் புள்ளிகள் தந்தது. புள்ளிகள் சேர்ந்தால் பற்றுச்சீட்டு. நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் என்ற அந்தப் போட்டி அதன்பின் பல சுற்றுகள் நடந்துவிட்டது.

வளர்ந்த மனிதனை நடக்க வைக்க அரசாங்கம் காசு கொடுக்க வேண்டுமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் உடற்பயிற்சி விஷயத்தில் பெரியவர்களைப் போல் சிக்கலான கூட்டம் வேறில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை உண்டு. வேலைக்குப் போய்விட்டவரை யார் மணியடித்து மைதானத்துக்கு அனுப்புவது?

சிங்கப்பூர் ஆண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அப்படி ஒரு மணி இருக்கிறது. ராணுவம் போன்ற சீருடைப் படைகளில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையை முடித்தவர்கள் ஆண்டுதோறும் ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வில் பங்கேற்க வேண்டும்: தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். தங்கத் தரத்தில் தேறினால் 500 வெள்ளி கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு 40 வயதுக்குள் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

இந்தியர் உடலின் கணக்கு

2016இல் சிங்கப்பூரின் சுகாதார அமைச்சர் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தார். அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், நாட்டின் மூன்று பெரிய விஷயங்களில் ஒன்றாக நீரிழிவை எடுத்துப் பேசினார். அங்கே சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இந்நோய் அதிகம். இந்தியர் என்று அங்கே சொல்லப்படுவோரில் பெரும்பான்மையினர் தமிழர்கள். ஆகவே இது நம்மையும் பற்றிய செய்தி.

தெற்காசியரின் உடல்வாகு அப்படி. பார்க்க ஒல்லியாக இருப்பார்கள், கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவில், மேற்கு நாடுகள் 25ஐத் தாண்டினால் எச்சரிக்கும்போது சிங்கப்பூர் 23லேயே எச்சரிக்கிறது. "எனக்கென்ன, தொப்பைதானே கொஞ்சம்" என்பவர் இந்த எண்ணைத் தன் உயரத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உடலசைவு இதில் என்ன செய்கிறது? நாம் உண்ணும் மாவுச்சத்து குளுகோஸாக ரத்தத்தில் சேர்கிறது. அதை வாங்கிச் செலவழிப்பதில் முதலிடம் தசைகளுக்கு. சும்மா இருக்கும் தசைக்குள் குளுகோஸ் நுழைய இன்சுலின் வேண்டும். சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் 10, 15 நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படுவது இதனால்தான். நடை முடிந்த பின்னும் சில மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கும்.

காசுக்காக நடந்தவர்கள்

பரிசு வேலை செய்கிறதா? இதைச் சிங்கப்பூரிலேயே சோதித்துப் பார்த்தார்கள். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 13 நிறுவனங்களில் வேலை பார்த்த 800 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவுமில்லை. ஒரு குழுவுக்கு ஃபிட்பிட் கருவி மட்டும். இன்னொன்றுக்குக் கருவியோடு, நடந்தால் அவர்கள் பெயரில் அறப்பணிக்கு நன்கொடை. கடைசிக் குழுவுக்குக் கருவியும் ரொக்கமும். ஆறு மாதம் பரிசு, அதற்குப் பின் ஆறு மாதம் சும்மா கவனிப்பு.

பரிசு கொடுத்தவரை ரொக்கக் குழு நன்றாகவே நடந்தது. பரிசு நின்றது, நடையும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஓராண்டு முடிவில் பத்தில் ஒருவர்தான் கருவியை அணிந்திருந்தார். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் எந்தக் குழுவிலும் இல்லை. 2016இல் வெளியான இந்த ஆய்வு, கருவி வாங்கி அணிந்துகொண்டால் உடல் தேறிவிடும் என்று நம்பியவர்களின் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றியது.

இதனால் பற்றுச்சீட்டுத் திட்டமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். சோபாவிலிருந்து ஒருவரை முதல்முறை எழுப்ப ஏதோ ஒரு சாக்கு வேண்டும், ஐந்து வெள்ளிச் சீட்டும் நல்ல சாக்குதான். ஆனால் ஏற்கெனவே நடப்பவர் சுளையாகப் பரிசை வாங்கிப் போவார், நடக்காதவர் பதிவுகூடச் செய்யமாட்டார் என்ற சிக்கல் இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் உண்டு. போதாததற்கு, உட்கார்ந்தபடி கையை ஆட்டினாலும் சில கருவிகள் அதை அடியாகவே எண்ணிவிடும்!

படியிறங்கினால் பாதை

என் பார்வையில் சிங்கப்பூரர்களை நடக்க வைத்ததில் பெரும்பங்கு சுகாதாரத் துறைக்கு வெளியே இருப்பவர்களுடையது. சாலை போட்டவர்கள், மரம் நட்டவர்கள், கார் மீது வரி விதித்தவர்கள்.

1990இல் வந்தது வாகன உரிமைச் சான்றிதழ். கார் வாங்குமுன் ஏலத்தில் அந்தச் சான்றிதழை எடுக்க வேண்டும், பத்தாண்டுதான் செல்லும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. நெரிசலைக் குறைக்க வந்த ஏற்பாடு அது. விளைவு, பெரும்பாலான குடும்பங்கள் ரயிலையும் பேருந்தையும் நம்பியிருக்கின்றன. ரயிலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் நடந்தே ஆக வேண்டும். உடற்பயிற்சி என்று பெயர் வைக்காமலேயே அன்றாடம் சில ஆயிரம் அடிகள் தேறிவிடுகின்றன.

நடக்கலாம், சரி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்த வெயிலில், திடீரென்று கொட்டும் மழையில் எப்படி? 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை வேய்ந்த நடைபாதைகள் கட்டினார்கள். சில ஆண்டுகளில் மொத்த நீளம் 200 கிலோமீட்டரைத் தாண்டியது. நடைப் பிரசாரத்துக்கு எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் ஒரு கூரைக்கு ஈடாகாது.

பொழுதுபோக்கு நடைக்குப் பூங்கா இணைப்புப் பாதைகள் உண்டு. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குக் கால்வாய் ஓரமாக, சாலை ஓரமாக ஓடும் இவை 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டன. மலாயா காலத்து ரயில் தடம் 2011இல் மூடப்பட்டபோது நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். இடத்துக்கு அப்படித் தவிக்கிற தீவு அது. ஆனால் 24 கிலோமீட்டர் தடம் ரயில் பசுமைப் பாதையாக நடப்பவர்களுக்குக் கிடைத்தது.

விளையாட்டரங்குகளின் கதை இன்னும் பழையது. 1973இல் திறந்த தேசிய விளையாட்டரங்கத்துக்கு லாட்டரி வருமானம் கைகொடுத்தது. (சூதாட்டக் காசில் ஆரோக்கியமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.) பின்னர் குடியிருப்பு நகரங்களில் ஓட்டத்தடமும் நீச்சல் குளமும் கொண்ட வளாகங்கள் எழுந்தன. பள்ளி மைதானங்கள் சிலவற்றை, பள்ளி நேரம் முடிந்தபின் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் மைதானம் கிடைக்கும் வழி இது. மற்ற ஊர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

நடை மட்டும் போதுமா?

போதாது. அடி எண்ணும் மோகத்தில் தசைவலு மறந்துபோகிறது. 2022இல் வந்த சிங்கப்பூரின் உடலசைவு வழிகாட்டியும், 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னதும் ஒன்றே: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வேலை. மிதமானது என்றால், பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. முதியவர்கள் விழாமலிருக்க, சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

தசைக்கு வேலை என்றதும் இரும்புக் குண்டு நினைவுக்கு வர வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்தால் தொடை கேட்டுக்கொள்ளும். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், படியேறுவது, கடைப் பைகளைத் தூக்கி வருவது எல்லாம் கணக்கில் சேரும்.

10,000 அடி என்ற இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றுதான் அந்த எண்ணைப் பிரபலமாக்கியது. அதன் பின்னால் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவின்படி, நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் சமதளமாகிவிட்டது. 3,000ஐத் தாண்ட முடியாதவர் 10,000ஐப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். அவருக்கு அடுத்த ஆயிரம் அடியில்தான் லாபம் அதிகம்.

தொடங்குமுன் கவனிக்க

நெஞ்சுவலி, நடந்தால் மூச்சிரைப்பு, அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் 40 வயதுக்கு மேற்பட்டோர் 2023 முதல் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். உணவு, தடுப்பூசியோடு உடற்பயிற்சியையும் அவரிடம் பேசலாம்.

அண்டை நாட்டுக் காட்டுத் தீயின் புகைமூட்டம் தீவை மூடும் நாட்களில் காற்றுமாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நீண்ட நேர ஓட்டத்தைக் குறைத்து, வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சிக்கு மாறலாம். வெயில் உச்சியில் இருக்கும்போது பந்தயம் வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளிக்கிளசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் நடையைக் கூட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே நின்று, சட்டைப் பையில் வைத்திருக்கும் குளுகோஸையோ மிட்டாயையோ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவைக் குறைப்பதா, வேளையை மாற்றுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில் நெடுந்தூரம் போகாமல் காலுறையும் பொருத்தமான காலணியும் அணிந்து செல்வது நல்லது. வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட வேண்டும். வலிக்காத கொப்புளம்தான் பின்னால் ஆறாத புண்ணாகிறது.