நன்னீர்த் திருக்கைத் தொட்டிகளில் நீர்த்தெளிவும் புற ஊதாக்கதிர்க் கிருமிநீக்கியும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்க நீர்ச்சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புற ஊதாக்கதிர்க் கிருமிநீக்கி நீரில் மிதக்கும் உயிருள்ள கலங்கலை மட்டுமே நீக்கவல்லது. வண்டல், கரைந்த நிறம், அமோனியா ஆகியவற்றின்மேல் அதற்கு ஆற்றல் இல்லை. நன்னீர்த் திருக்கை வளர்ப்பில் இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பதையும், காவிரிக்கரை நீரில் இக்கருவி பயன்தருவதற்கு முன்னர்ச் செய்ய வேண்டுவன எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நன்னீர்த் திருக்கை, புற ஊதாக்கதிர், நீர்த்தெளிவு, அமோனியா, காவிரி, தேற்றாங்கொட்டை.

முன்னுரை

கலங்கிய நீரைத் தெளிவிக்கும் முறை தமிழருக்குப் பழையது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்து, அதில் ஆற்றுநீரை ஊற்றிவைத்துத் தெளிந்தபின் பயன்படுத்தும் வழக்கம் ஊர்ப்புறங்களில் இருந்தது. ‘இல்லம்’ என்றும் வழங்கிய அம்மரத்தின் விதை கலங்கலைத் தெளியச் செய்வது கலித்தொகையில் உவமையாகவே ஆளப்பட்டுள்ளது. விதையிலுள்ள பல்சர்க்கரைகளும் புரதங்களும் நுண்ணிய களிமண் துகள்களைத் திரட்டுகின்றன. திரண்டவை எடைமிகுந்து அடியில் படிகின்றன. நீர் தெளிகிறது. ஆயினும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை.

புற ஊதாக்கதிர்க் கருவியின் செயல் இதற்கு நேர்மாறானது. அது நுண்ணுயிரைச் செயலிழக்கச் செய்யும், மண்ணைத் தொடாது. நீர் கலங்கியவுடன் ‘யு.வி. விளக்கு’ பொருத்துமாறு கூறும் பொதுவான அறிவுரை இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. எளிதில் நோயுறும் திருக்கையைப் பொறுத்தவரை இது சிறிய பிழையன்று.

திருக்கையின் இயல்பு

தொட்டிகளில் வளர்க்கப்படும் நன்னீர்த் திருக்கைகள் பெரும்பாலும் தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய பொட்டாமோட்ரைகான் பேரினத்தைச் சேர்ந்தவை. கடல்வாழ் திருக்கைகள் உடலில் யூரியாவைத் தேக்கி உப்புச்சமநிலை காக்கின்றன. ஆற்றுத் திருக்கைகள் அத்திறனை இழந்துவிட்டன என்பதை 1967-இல் தார்சனும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்காட்டினர். புழு, இறால், மீன் முதலிய ஊனுணவையே உண்பதால் இவை வெளியிடும் அமோனியாவும் மிகுதி. செப்பு கலந்த மருந்துகளை இவை தாங்குவதில்லை. நோய் வந்தபின் மருந்திடுவது அரிதாகையால், மருந்தின்றிக் கிருமியைக் குறைக்கும் புற ஊதாக்கதிர் வளர்ப்போரைக் கவர்வது இயல்பே.

2022-இல் பனாமாவில் நடைபெற்ற சைட்டீஸ் உடன்படிக்கை மாநாடு இப்பேரினத்தின் 7 இனங்களை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. ஷிங்கு ஆற்றின் கருந்திருக்கையும் அவற்றுள் ஒன்று. ஆகவே தொட்டியில் மடியும் ஒவ்வொரு திருக்கையும் வளர்ப்போரின் பண இழப்பு மட்டுமன்று.

கதிர் செய்வதும் செய்யாததும்

தாழ்அழுத்தப் பாதரச விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளத்தில் கதிரை உமிழ்கிறது. இக்கதிர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளைப் பிணைத்துவிடுவதால் நுண்ணுயிர் பெருகும் ஆற்றலை இழக்கிறது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். விளக்கைக் குவார்ட்சு உறையுள் அமைப்பது அதனால்தான். 1877-இல் டவுன்சு, பிளண்ட் ஆகிய இருவர் ஒளிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் உண்டெனக் கண்டனர். 1910-இல் பிரான்சின் மார்சே நகரில் இம்முறை குடிநீருக்குப் பயன்படுத்தப்பட்டது.

கதிரின் அளவு, செறிவையும் அது படும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது. குடிநீர்க் கிருமிநீக்கத்திற்குச் சதுர செ.மீ.க்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியின் நீந்தும் பருவத்தை அழிக்க ஏறத்தாழ 100 மில்லிஜூல் வேண்டும். எனவே நீரோட்டத்தைக் குறைத்தால் கதிரளவு கூடும். ஆனால் ஓட்டம் மிகவும் குறைந்தால், கருவிக்குள் அழிவதைக் காட்டிலும் தொட்டிக்குள் பெருகுவது மிகுந்துவிடும். மேலும் கருவியின் ஊடே பாயும் நீரிலுள்ளவை மட்டுமே கதிருக்கு உட்படும். கண்ணாடியில் ஒட்டிய பாசியும், மீனின் தோலுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியும் தப்பிவிடும். வடிகட்டியின் பரப்பில் ஒட்டிவாழும் நைட்ரஜன் மாற்றப் பாக்டீரியாக்களும் அவ்வாறே தப்புவது வளர்ப்போருக்கு நன்மை.

விளக்கின் நீலநிறம் மற்றொரு மயக்கம். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குப் புலப்படாது. சுமார் 9,000 மணி நேரத்திற்குப் பின், அதாவது இடைவிடாது எரிந்தால் ஓராண்டில், நீல ஒளி தொடர்ந்தாலும் கதிரின் ஆற்றல் குறைந்துவிடும். இக்கதிர் கண்ணையும் தோலையும் தாக்கும். மூடிய கலத்திற்குள்ளன்றித் தொட்டியில் திறந்தநிலையில் விளக்கை வைத்தல் கூடாது.

காவிரிக்கரை நீர்

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிய, இரு ஆறுகளுக்கும் இடையே தீவாக அமைந்தது திருவரங்கம். திருச்சிராப்பள்ளியின் குடிநீர் இவ்வாறுகளின் மணற்படுகையில் அமைந்த கிணறுகளிலிருந்து பெறப்படுகிறது. மணலே இயற்கை வடிகட்டியாகிறது. வெள்ளக் காலத்து ஆற்றுநீரை நேரே முகந்தால் நிலை வேறு. களிமண் துகள்கள் கதிரைச் சிதறடிக்கும். துகளின் நிழலில் பாக்டீரியா பிழைக்கும். படியவைத்தலும் நுண்வடிகட்டலும் முடிந்தபின்னரே அந்நீர் கருவிக்குள் செல்லத் தக்கது. குழாய்நீரிலோ குளோரின் இருக்கும். சோடியம் தயோசல்பேட்டு இட்டு அதை நீக்காமல் விட்டால் திருக்கையின் செவுள்களும் வடிகட்டியின் பாக்டீரியாக்களும் கேடுறும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். கடினத்தன்மையும் இரும்பும் அதில் மிகுந்திருந்தால், விளக்கின் வெப்பத்தால் சுண்ணமும் இரும்புக் கறையும் குவார்ட்சு உறைமீது படிந்து கதிரை மறைக்கும். மின்னிணைப்பைத் துண்டித்து, மென்மையான அமிலத்தால் உறையை அவ்வப்போது துடைப்பது கட்டாயம்.

நிறத்தைப் பற்றியும் கூற வேண்டும். ரியோ நெக்ரோ ஆற்றின் திருக்கைகள் தேயிலைச் சாறு போன்ற நீரில் வாழ்வன. அச்சூழலை உருவாக்க வளர்ப்போர் நாட்டுவாதுமை இலையைத் தொட்டியில் இடுவதுண்டு. அந்நிறம் குற்றமன்று, ஆயின் நிறந்தரும் கரிமப் பொருள்கள் புற ஊதாக்கதிரை உறிஞ்சிவிடுகின்றன. இலையும் விளக்கும் ஒரே தொட்டியில் இருப்பின், ஒன்றன் பயனை மற்றொன்று குறைக்கும்.

தெளிந்த நீரின் இடர்

தொட்டிநீர் கலங்கினால், சிறிதளவு நீரை வெண்ணிறக் கிண்ணத்தில் எடுத்து ஓரிரவு வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. அடியில் படிவது வண்டல். பச்சையாகவே நிற்பது மிதக்கும் பாசி. கோயிற்குளங்களில் தேங்கிய நீர் பச்சையாவதும் இதனாலேயே. பால்போல் வெளுத்துப் படியாமல் நிற்பது பாக்டீரியாப் பெருக்கமாகலாம். இறுதி இரண்டிலும் புற ஊதாக்கதிர் விரைந்து பயன்தரும். இடர் தொடங்குவதும் அங்கேதான். உண்ணாது எஞ்சிய உணவும் கழிவும் பெருக்கத்திற்குக் காரணமாக இருக்க, கதிர் அறிகுறியை மட்டும் மறைத்துவிடுகிறது. அழிந்த பாசியின் சிதைவும் நீரிலேயே தங்கி அமோனியாவைக் கூட்டும்.

வெப்பம் இதை மேலும் கடுமையாக்கும். நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியசாகவும் காரகாடித்தன்மை 7 ஆகவும் இருக்கும்போது மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. காரகாடித்தன்மை 8 ஆனால் அது ஏறத்தாழ 7.5 விழுக்காடு. கோடையில் நீர் எளிதில் 30 பாகையை எட்டும் திருச்சிராப்பள்ளியில், காரத்தன்மை மிகுந்த கிணற்றுநீரைப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் இயலாது. உயிர்வளியும் அப்போது குறையும்: 25 பாகையில் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. கரையுமெனில், 32 பாகையில் சுமார் 7.3 மி.கி. மட்டுமே.

திருக்கை மணலடியில் உடலைப் புதைத்து, தலைமேலுள்ள மூச்சுத்துளையால் நீரை இழுத்துச் சுவாசிக்கும் உயிர். அதன் மூச்சு விரைவதும், வட்டுடலின் விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வதும் நீர் கெட்டதற்கான அடையாளங்கள். நீர் பளிங்குபோல் இருக்கும் நாளிலும் அவை தோன்றலாம். அப்போது முதலில் சோதிக்க வேண்டியவை அமோனியாவும் நைட்ரைட்டும். விளக்கின் நிலையைப் பார்ப்பது அதற்குப் பின்னரே.