சுவருக்குள் மறைந்த கட்டில்

நம் வீடுகளிலே பாய்க்குள்ள பெருமை வேறெந்தத் தளபாடத்துக்கும் இல்லை. இரவிலே விரித்தால் அது படுக்கை. விடிந்ததும் சுருட்டி மூலையிற் சாத்திவிட்டால், அதே இடம் பிள்ளைகள் படிக்கும் இடமாகும். விருந்தினர் வந்தால் பந்தி வைக்கும் இடமாகும். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பாயாயினும் சரி, மட்டக்களப்புப் பன்பாயாயினும் சரி, அறையின் இடத்தை இரவுக்கு மட்டுமே இரவல் வாங்கும். காலையில் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டிலும் மெத்தையும் வீட்டுக்குள் வந்த பின்னர் இந்தச் சௌகரியம் நம்மை விட்டுப் போயிற்று. பன்னிரண்டடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமுள்ள ஓர் அறையிலே, ஆறரை அடிக்கு நாலரை அடியுள்ள கட்டிலொன்றைப் போட்டால், அறையின் ஐந்திலொரு பங்கு பகல் முழுவதும் வீணே கிடக்கின்றது. வாடகை மட்டும் முழு அறைக்கும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நமக்கு நினைப்பூட்டியவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்த ஓர் இளைஞர். யாழ்ப்பாணத்தில் தந்தையாரின் தச்சுப் பட்டறையைப் பொறுப்பேற்று நடத்துபவர். வெள்ளவத்தையிலே தமக்கையார் குடியிருக்கும் மாடிவீட்டிற் சில நாள் தங்கியிருந்தபோது, ஒரே அறையில் நால்வர் படும் பாட்டைக் கண்டு, சுவரோடு நிமிர்த்தி மடித்து வைக்கத்தக்க கட்டிலொன்றைச் செய்து கொடுத்தாராம். அதைப் பார்த்த அயல்வீட்டார் இருவர் தமக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றனர். "ஐயா, இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா? தங்கையின் சீதனத்துக்கென்று சேர்த்த பணம் கையில் இருக்கின்றது. அதை இதிற் போடுவது சரியா?" என்று அவர் கேட்டார். சீதனப் பணம் என்றதும் நாம் சற்றுத் தயங்கினோம். ஆம் என்றோ இல்லை என்றோ கூறத் துணியாமல், இதே கட்டிலை வைத்து நூறாண்டுக்கு முன்னர் தொழில் வளர்த்த ஒருவரின் கதையை அவருக்குச் சொன்னோம். அதனையே இங்கு விரிவாக எழுதுகின்றோம்.

அவர் பெயர் வில்லியம் லோறன்ஸ் மேர்பி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, பொன் தோண்டுவோரால் எழுந்த கொலம்பியா என்னும் சிற்றூரில் 1876 ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையிற் குதிரைகளைப் பழக்கியும், பிரயாணிகளை ஏற்றும் குதிரை வண்டி ஓட்டியும், சிற்றூரொன்றிற் காவல் அதிகாரியாக இருந்தும் பிழைத்தவர் என்று அவரது நிறுவனத்தார் கூறுவர். தச்சுத் தொழிலை அவர் முறையாகப் பயின்றதாகத் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் அவர் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வந்து, புஷ் வீதியில் ஒரேயோர் அறையை வாடகைக்கு எடுத்தார்.

அந்நாளில் அவர் கிளாடிஸ் என்னும் இசைநாடகப் பாடகியை விரும்பினார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. படுக்கையறைக்குள் ஓர் ஆடவரைக் காணக் கன்னிப்பெண் செல்வது அக்கால அமெரிக்காவிலும் ஒழுக்கக் கேடாகவே கருதப்பட்டது. மேர்பியின் அறையிலோ கட்டிலைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. ஆகவே அவர், அலுமாரியறையின் பழைய கதவு நிலையையும் பிணைச்சல்களையும் கொண்டு, கட்டில் நிமிர்ந்து உள்ளே மறையும்படி ஓர் ஏற்பாடு செய்தார். கட்டில் மறைந்ததும் அறை வரவேற்பறை ஆயிற்று. பாடகியும் தாராளமாக வந்து அமர்ந்தார். ஈற்றில் மனைவியும் ஆனார். தொழில் தொடங்குவதற்கு வேண்டிய பணத்தைப் பெண்ணின் தந்தையாரே கடனாகக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். கதையிற் சிறிது கற்பனை கலந்திருக்கலாம். எனினும் மாமனார் பணத்திலே தொழில் தொடங்குவது நம்மவருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று என்பதை இதனால் அறிந்து நாம் மகிழ்ந்தோம்.

மடிக்கும் கட்டிலை முதன்முதற் செய்தவர் மேர்பி அல்லர். அவருக்கு முன்னரே தபால் மூலம் பொருள் விற்கும் அமெரிக்க வணிகர்களின் விலைப் பட்டியல்களில் இத்தகைய கட்டில்கள் இடம்பெற்றிருந்தன. அதற்கும் முன்னர் 1885 யூலை 14 ஆந் தேதி, சிக்காகோ நகரிலே தளபாடக் கடை வைத்திருந்த சாரா கூட் என்னும் கறுப்பினப் பெண்மணி, மடித்தால் எழுதுமேசை போலத் தோற்றும் கட்டிலொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் இலக்கம் 322,177. அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற முதற் கறுப்பினப் பெண்கள் மிகச் சிலருள் அவரும் ஒருவர். ஒடுங்கிய வீடுகளில் வாழ்ந்த வாடிக்கையாளரின் தேவையைக் கடையிலிருந்தே கண்டவர் அவர். பகலிற் கடிதமும் காகிதமும் வைக்க அறைகள், இரவிற் படுக்கை. ஒரு பொருளுக்கு இரண்டு தொழில். நம் இளைஞருக்கு மேர்பியைவிடச் சாரா கூட் அம்மையாரே நெருங்கிய உறவினர் எனலாம்.

அப்படியாயின் மேர்பி புதிதாகச் செய்தது என்ன? பாரத்தைச் சமன் செய்ததே அவர் செய்த காரியம். ஒரு கட்டிலையும் மெத்தையையும் சேர்த்து நிமிர்த்திப் பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். தொடக்கத்திற் கனமாக இருக்கும். நிமிர நிமிர இலேசாகும். இறக்கும்போதோ நேர்மாறு: பாதி வழியிலே பாரம் முழுவதும் கையில் விழும். மேர்பியின் கட்டிலில், இறக்கும்பொழுது சுருள்விற்கள் இழுபட்டு, விழும் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். மீண்டும் உயர்த்தும்பொழுது, இழுபட்ட விற்கள் சுருங்கித் தாமே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு பெண் ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கலாம். இன்னொரு வகையிற் கட்டில் கதவு நிலையிற் செங்குத்தான அச்சொன்றிற் பொருத்தப்பட்டிருக்கும். நிமிர்த்தியபின் அதைக் கதவுபோலவே சுழற்றி அலுமாரியறைக்குள் அனுப்பிவிடலாம். மெத்தை சரிந்து விழாதபடி பிடித்து வைப்பதற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. "மறையும் கட்டில்" என்ற பெயரில் 1912 ஆம் ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1916 இற் கட்டிலின் அமைப்புக்கு மற்றொன்றும் கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ நகரத்தை 1906 ஏப்பிரல் 18 ஆந் தேதி பூகம்பமும், தொடர்ந்து தீயும் அழித்தன. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். அந்நகரம் மீண்டும் எழுந்தபோது, ஒன்றின் மேலொன்றாக அடுக்கிய சிறு குடியிருப்புகள் பல கட்டப்பட்டன. இத்தகைய கட்டிலுக்கு இதனிலும் ஏற்ற ஊர் வேறில்லை.

நம் இளைஞர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடத்துக்கு இப்பொழுது வருகின்றோம். மேர்பி தம் கட்டிலை வீடு வீடாகக் கொண்டுசென்று விற்றிருந்தால், அவர் நல்லதொரு கைவினைஞராகவே காலத்தைக் கழித்திருப்பார். அவருடைய தொழிலைப் பெருக்கியவர்கள் கட்டிடக்காரரும் வீட்டுச் சொந்தக்காரருமே. படுக்கையறை என்று தனியே ஓர் அறை கட்டவேண்டாம் என்றால், அதே மாடியில் ஒன்றிரண்டு குடியிருப்புகள் அதிகமாக அமையும். மாதந்தோறும் வாடகையும் அதிகமாக வரும். வாடகைக்கு இருப்பவர் ஒரு கட்டில் வாங்குவார். கட்டுபவரோ ஐம்பது, நூறு என்று ஒரே தடவையில் வாங்குவார். பொருள் ஒன்றுதான், யாருக்கு அதனால் அதிக இலாபம் என்று கண்டு, அவரிடம் போனதுதான் வித்தியாசம். 1920 களில் அமெரிக்க நகரங்களில் மாடிக்குடியிருப்புகள் மளமளவென எழுந்தபோது கட்டிலும் உடன் சென்றது. அக்காலத்திலேயே நிறுவனத்தின் தலைமைக் கந்தோரும் நியூ யோர்க் நகருக்கு மாறியது.

இதற்கிடையிற் சார்ளி சாப்ளின் செய்த உதவியையும் சொல்லாமல் விட முடியாது. 1916 இல் வெளிவந்த "வன் ஏ. எம்." என்ற ஊமைப்படத்தில், நள்ளிரவில் மதுபோதையோடு வீடு திரும்பும் கனவான் ஒருவராக அவர் ஏறக்குறையத் தனியாகவே நடித்தார். படத்தின் முடிவில் மடக்குக் கட்டில் அவரைப் படுத்தும் பாடு இருக்கிறதே, அதைக் கண்டு சிரிக்காதவர் எவரும் இரார். ஏறினால் நிமிரும், விலகினால் விழும். கேலிதான். ஆயினும் அந்தக் கேலியினாற் கட்டிலைக் கண்ணாற் காணாத ஊரவரும் அதைப்பற்றி அறிந்துகொண்டனர்.

வளர்ச்சி எப்போதும் நீடிப்பதில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது உருக்கு முழுவதும் போர்த் தளபாடங்களுக்குத் தேவைப்பட்டது. கட்டிலுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. யுத்தம் முடிந்தபின் நிலைமை சீராகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வேறோர் இடி காத்திருந்தது. 1944 இல் இயற்றிய சட்டமொன்றின்படி, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு வாங்கச் சலுகைக் கடன் கிடைத்தது. அவர்கள் நகர்ப்புறங்களுக்கு வெளியே, படுக்கையறைகள் பல கொண்ட தனிவீடுகளிற் குடியேறினர். இடம் தாராளமாக உள்ளவருக்குக் கட்டிலை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? கட்டிலில் ஒரு குறையும் இல்லை. வாங்குவோரின் வாழ்க்கைதான் மாறிவிட்டது. நிறுவனம் அணைந்துபோகாமல் இருந்ததற்கு, ஒரே பொருளை நம்பியிராமை ஒரு காரணம். 1920 களின் இறுதியிலேயே, சிறு குடியிருப்புகளுக்கென்று அடுப்பும் தொட்டியும் அலுமாரியும் ஒன்றாய் அடங்கிய சிறு சமையற் கூடொன்றையும் அவர்கள் செய்து விற்றுவந்தனர். வாங்குபவரும் அதே கட்டிடக்காரர். தீர்ப்பதும் அதே இட நெருக்கடி. மேர்பி 1957 இற் காலமானார். தொழிலை மகனும், பின்னர் பேரனும் நடத்தினர். 1970 களில் நகர வாடகை ஏறத்தொடங்கியதும் கட்டிலுக்கு மீண்டும் நல்ல காலம் பிறந்தது.

ஆனால் அதற்குள் பெயர் கைநழுவிவிட்டது. அமெரிக்க மக்கள், எவர் செய்தாலும் சுவருக்குள் மடங்கும் கட்டிலை "மேர்பி கட்டில்" என்றே அழைக்கத் தொடங்கிவிட்டனர். அகராதிகளிலும் அவ்வாறே பதிவாயிற்று. அந்தப் பெயரைத் தமக்கே உரிய வணிகக் குறியாகப் பதிய நிறுவனம் செய்த முயற்சி 1984 இல் தோல்வியுற்றது. பிறகு, முன்னாளில் விற்பனை முகவராயிருந்த ஒருவர் உறவு முறிந்த பின்னரும் அப்பெயரைப் பயன்படுத்தி வியாபாரம் செய்தபோது வழக்கு மூண்டது. 1989 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிய தீர்ப்பு சுவையானது: அச்சொல் பொதுமக்களின் சொல் ஆகிவிட்டது, எவரும் அதனைத் தனியுடைமை கொண்டாட இயலாது என்றது, ஆயினும் பெயரை இனிப் பயன்படுத்தேன் என்று அந்த முகவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறியதற்கு அவர் பொறுப்பு என்றும் கூறிற்று. ஊர் முழுவதும் தன் பெயரைச் சொல்ல வேண்டுமென்பதே ஒவ்வொரு வியாபாரியின் ஆசை. அளவு மீறிச் சொல்லிவிட்டால் அந்தப் பெயர் ஊருக்கே சொந்தமாகிவிடுகிறது! அகப்பட்டதை எல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததாற்றான் நிறுவனத்துக்கு அந்த வழக்கில் ஏதாவது மிஞ்சியது.

இதைச் சொன்னபோது இளைஞர் சிரித்தார். அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. 2022 இற் கனடா நாட்டு நிறுவனமொன்று, அமெரிக்காவில் விற்ற சுமார் 129,000 சுவர்க்கட்டில்களைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. கட்டில்கள் சுவரிலிருந்து கழன்று ஆட்களின்மேல் விழுந்தன, பலர் காயமடைந்தனர், 79 வயதான மூதாட்டி ஒருவர் இறந்தார். மரமும் மெத்தையும் இரும்பும் சேர்ந்த பாரம் தலைக்கு மேல் நிற்கின்றது என்பதை இத்தொழிலிற் கைவைப்பவர் ஒருபோதும் மறத்தலாகாது. வெறும் செங்கற் சுவரில் இரண்டு திருகாணி முறுக்கினாற் போதுமா? சீமெந்துப் பூச்சுக்கு உள்ளே இருப்பது கல்லா, பொள்ளற் கல்லா? கட்டிலைச் செய்பவர் ஒருவரும் பொருத்துபவர் ஒருவருமாக இருந்தால் யார் பொறுப்பு? கட்டிலைச் செய்து கடையில் வைத்து விற்பதைவிட, தாமே சென்று சுவரைத் தட்டிப் பார்த்துப் பொருத்திக் கொடுப்பதே தொடக்கத்தில் நன்று என்பது நம் அபிப்பிராயம். அதனாற் கூலி கூடும், விற்பனை மெதுவாகும். ஆகட்டும்.

"ஐயா, நான் செய்த கட்டிலுக்குச் சுருள்வில் வைக்கவில்லை," என்றார் அவர் மெதுவாக. "கயிறும் கப்பியும் போட்டு, எதிர்ப்பக்கத்தில் மணல் மூட்டை தொங்கவிட்டிருக்கிறேன். தமக்கையின் பிள்ளைகள் அதன் கீழேதான் விளையாடுகிறார்கள்."

தேநீரை முழுவதும் குடியாமலே எழுந்து புறப்பட்டார். மறுநாட் காலை வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசியிற் பேசினார். கயிற்றை அவிழ்த்துவிட்டாராம், கட்டில் இப்போது நிலத்திலேயே கிடக்கின்றதாம், தமக்கையார் இடமில்லை என்று முறைப்பாடு சொல்கின்றாராம். அயல்வீட்டார் இருவரையும் இரண்டு மாதம் பொறுக்கும்படி கேட்டிருக்கின்றார். பாரத்துக்கு ஏற்ற சுருள்வில் கொழும்பில் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். சீதனப் பணத்தில் இன்னும் கைவைக்கவில்லை என்று அவராகவே சொன்னார். பஞ்சிகாவத்தையிற் பழைய வாகன உறுப்புகள் விற்கும் கடைகளிலே முதலில் தேடிப் பார்க்கும்படி கூறியிருக்கின்றோம்.