பழைய வண்டி, புதிய ஓட்டம் – 9: ஒழுகுவது எந்த எண்ணெய்?

திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு ஏறும் மேடும் சரிவுமான சாலையில் பழைய அம்பாசடர் ஒன்றைப் பார்ப்பது இன்று அபூர்வம். உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஓயாத தொல்லை, நிறுத்திய இடத்தில் விழும் எண்ணெய்ச் சொட்டு. சொட்டு நடுவில் விழுந்தால் ‘கியர் பாக்ஸ் சீல் போச்சு’ என்று முடிவுகட்டி, அன்றே கியர் பாக்ஸை இறக்கிவிடுகிறோம். ஒழுகுவது எந்த எண்ணெய், எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் இறக்குவது வீண்செலவு. பல வண்டிகளில் அதே கசிவு சில மாதத்தில் திரும்பி வருவதற்கும் அதுதான் காரணம்.

அம்பாசடரின் மூலம் 1956இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே மெயின் பேரிங். அதன் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டின் மேல் திருகுமரை போல வெட்டிய சுழல் பள்ளம்தான் எண்ணெயை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்புகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே அழுத்தம் கூடினாலும், பேரிங்கில் ஆட்டம் வந்தாலும், அந்தப் பள்ளத்தையும் மீறி எண்ணெய் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இறங்கும். கியர் பாக்ஸின் முன்பக்கக் கசிவும் அதே பெல் ஹவுசிங்கில்தான் வந்து விழுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சொட்டுவதால் கீழே குனிந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எண்ணெயைத் தொட்டு முகர்ந்தால் தெரியும்: ஓடிய எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும், கியர் ஆயில் பெரும்பாலும் பழுப்பாக, பிசுபிசுப்பாக, கந்தக நெடியோடு இருக்கும். சொட்டு கியர் பாக்ஸின் பின்முனையில் விழுந்தால் வேலை எளிது. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினாலே பின் சீலை எட்டிவிடலாம். கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

கியர் ஆயில்தான் என்று உறுதியானாலும் சீலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஓட்டத்தில் கியர் பாக்ஸ் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேறும் பிரீதர் துளையில் சேறு அடைத்தால், அந்த அழுத்தம் நல்ல சீலின் உதட்டையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலும் அப்படியே. அடுத்து ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த ஈர மண்ணில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில், சீலின் உதடு விறைத்துப்போகும். அது தொட்டிருக்கும் இடத்தில் துரு அரிக்கும். நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த சீலும் அங்கே நிற்காது. மெல்லிய உலோக ஸ்லீவ் ஏற்றலாம். அல்லது சீலைச் சற்றே தள்ளி, தேயாத பரப்பில் உதடு படும்படி உட்காரவைக்கலாம். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே மரத்தில் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி வலுவிழக்கும். ஆயில் சீலுக்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்தான் வேண்டும்.

‘சொட்டினால் என்ன, அவ்வப்போது ஊற்றிக்கொண்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வடிவமைப்பில் சிறு ஈரக்கசிவு இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெல் ஹவுசிங்கில் இறங்கும் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் தெறித்தால், மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கும். கியர் பாக்ஸில் ஆயில் குறைவதும் வெளியே தெரியாது; சத்தம் கேட்கும்போது பேரிங் போயிருக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினால் ஒழுகாது என்பது இன்னொரு வாதம். சொட்டு கொஞ்சம் குறையலாம். குளிர்ந்த வண்டியில் கியர் விழ மறுக்கும். அதைவிடக் கவலை, ஜிஎல்-5 தர ஆயில் சிலவற்றின் கந்தகச் சேர்மானம் பழைய கியர் பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும் என்பது. சீலை உப்பவைக்கும் கலவைகள் சில நாள் தாங்கும். பள்ளம் விழுந்த ஷாஃப்டை அவை சரிசெய்யாது.

அதனால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுமுன், இரவு அதன் அடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் துணியையும் மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லுங்கள்.